தங்கச்சி வீட்டுப் பிரதி

பாம்பனிலிருந்து ராமேசுவரம் போகிற வழியில் முதலில் அக்காமடம், அடுத்து எங்கள் தங்கச்சிமடம். அக்காள் ஒரு மடம் கட்டினாளாம், தங்கை இன்னொன்று கட்டினாளாம். ஊர்க்கதைதான். ஆனால் கம்ப்யூட்டர் பேக்கப் விஷயத்தில் நான் பட்ட பாடு பூராவும் இந்தக் கதைக்குள்ளேயே இருந்தது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. கம்ப்யூட்டரில் 700 ஜிபி சேர்ந்துவிட்டது. அது போனால் ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆனதற்கே சாட்சி இருக்காது. அதனால் நாஸ் என்கிற பெட்டியை வாங்கி, வீட்டு ரவுட்டரில் மாட்டினேன். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் விழும். அக்காள், தங்கை என்று பேர் வைத்தேன்.

ராத்திரி எட்டு மணிக்கு அதில் பிரதி எடுக்க ஆரம்பித்தால், முடிய 17 மணி நேரம் ஆகும் என்றது திரை. கடைக்காரர் இரண்டு மணி நேரம் என்றாரே! கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஜன்னலோரம் உப்புக்காற்றுக் குடித்து ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பி. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஒன்று மக்கர் பண்ணினாலும் நாலு கம்பியோடு நொண்டலாம். வேகம் பத்தில் ஒன்று. எட்டுப் பேர் இழுக்கிற கரைவலையை நாலு பேர் இழுத்தால் மீன் வரத்தான் செய்யும், ஏலம் முடிந்த பிறகு. கேபிளை மாற்றினேன். ஒரு சினிமா பார்ப்பதற்குள் முடிந்தது.

அந்தத் தெம்பில் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் பெட்டியிலிருந்த ஒரு காதுகுத்தையும் அழித்தேன். தங்கை இருக்கிறாளே என்று தேடினால், அக்காள் மறந்த அதே நொடியில் அவளும் மறந்திருந்தாள். கேமரா கார்டில் மிச்சம் கிடைத்தது இடது காது மட்டும்.

அப்பா மல்லிகை நாற்றுப் போடுகிறவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் ஒரே பாத்தியில நிக்கிற செடி. தண்ணி நின்னா சேந்துதானடா அழுகும்?" எங்கள் மணலில் வேர் பிடித்த நாற்றுதான் மதுரைப் பக்கம் போய்ப் பூக்கிறது. "இங்க அம்புட்டும் போனாலும் அங்க போயி ஒரு குச்சி ஒடிச்சிட்டு வந்துருவேன்ல."

1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள் கடலுக்குள் போயின. ஸ்ரீதரன் என்கிற இளம் இன்ஜினியர் அவற்றைக் கடலிலிருந்தே தேடி எடுத்து, 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார். எங்கள் ராமேசுவரம் தீவின் முனையில் இருந்த தனுஷ்கோடி போனது போனதுதான். அந்தத் தீவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பிரதியையும் ஒரே மேசையில் வைத்திருக்கிற மகனை அப்பா வேறு எப்படிப் பார்ப்பார்?

மிச்சம் இருந்ததை இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, துண்டில் சுற்றி, பஸ்ஸில் பாலம் தாண்டி, மதுரையில் தங்கச்சியிடம் ஒப்படைத்தேன். (நெட்டிலேயே அனுப்பலாம். எங்கள் நெட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.) பட்டுச் சேலைக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகளோடு வந்தாள். கருவாடு கொண்டுபோகக் காலி டப்பாக்களைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கடைசியில் துண்டு வந்தது.

"எங்க வீட்டுல பிள்ளைக எதையாச்சும் போட்டு உடைச்சிருங்கண்ணே. உங்க பெட்டிக்குப் பக்கத்துலயே பத்திரமா இருக்கட்டும்."