முதலில் லைன், பிறகுதான் ராட்

கே: ஃப்ளை ஃபிஷிங்குக்கும் நம் ஊர்த் தூண்டிலுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் மீன்தானே மாட்டுகிறது?

ப: மீன் ஒன்றுதான், எறிகிற பொருள் வேறு. நம் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னால் பறக்கும், நரம்பு அதன் பின்னால் ஓடும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும் சேர்ந்த பொய்ப்பூச்சி. ஊதினாலே பறந்துவிடும், அதை எப்படி எறிவது? அதனால் எடையை லைன் எனும் தடித்த நரம்பிலேயே வைத்துவிட்டார்கள். நீங்கள் வீசுவது லைனை, பூச்சி அதன் கூடவே போய் இறங்குகிறது. இது மனதில் பதிந்துவிட்டால், கடையில் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

கே: ‘நாலு வெயிட், ஐந்து வெயிட், எட்டு வெயிட்’ என்கிறார்களே, அது ராடின், அதாவது தூண்டில் கோலின் எடையா?

ப: லைனின் எடை. அதன் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்துக் கொடுக்கிற எண். 5-ஆம் எண் லைனில் அந்த நீளம் 140 கிரெய்ன், ஏறத்தாழ 9 கிராம். 8-ஆம் எண்ணில் 210 கிரெய்ன். ராடின் மேல் 5 என்று எழுதியிருந்தால், 5-ஆம் எண் லைனை வீச அதைச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். ராடும் லைனும் ஒரே எண்ணாக இருக்கட்டும்.

கே: குன்னூரில் இருக்கிறேன். ட்ரவுட் மீன் பிடிக்க ஆசை. முதல் ராட் எது?

ப: 9 அடி, 5 வெயிட், நான்கு துண்டாகக் கழற்றக்கூடியது. நீலகிரி ஓடைகள் சிறியவை, 4 வெயிட் போதும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். ஓடைக்கு அது சரி. ஆனால் நீங்கள் ஏரிக்கரையிலும் நிற்பீர்கள், மலைக்காற்றும் அடிக்கும். அங்கே புதியவருக்கு 5 தான் கைகொடுக்கும். விறைப்பாக நிற்கிற ‘ஃபாஸ்ட் ஆக்‌ஷன்’ ராடைக் கடைக்காரர் பெருமையாக நீட்டினால் அன்போடு திருப்பிக் கொடுங்கள். நடுத்தரமாக வளைகிற ராட், லைனின் பாரத்தை உங்கள் கைக்குச் சொல்லும். அந்த உணர்வு வந்தால்தான் வீச்சு வரும்.

நீங்கள் தேடுகிற மீன் மலையில் தானாகப் பிறந்ததல்ல. அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, ரெயின்போ ட்ரவுட்டை நீலகிரித் தண்ணீரில் நிலைக்கச் செய்தவர் ஹெச்.சி. வில்சன். இன்று அந்த நீர்நிலைகள் பலவும் காட்டுக்குள் இருப்பதால், ராட் வாங்கும் முன்பே மீன்வளத் துறையிலும் வனத்துறையிலும் அனுமதி விவரம் கேட்டுவிடுங்கள்.

கே: கையில் கொஞ்சம்தான் பணம். எதில் போடுவது?

ப: லைனில். தயங்கவே வேண்டாம். சாதாரண ராடில் நல்ல லைன் அழகாகப் பறக்கும். விலையுயர்ந்த ராடில் மட்டமான லைன் சுருண்டு சுருண்டு விழும், நீங்களோ உங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பெட்டியில் ‘டபிள்யூ.எஃப்.5.எஃப்’ என்று இருக்கிறதா பாருங்கள். முன்பகுதி கனத்த, 5-ஆம் எண், மிதக்கும் லைன் என்பது அதன் விரிவு. மூழ்கும் லைன் இரண்டாம் வருடத்துக்கு. நிறம் பளிச்சென்று இருந்தால் நல்லது: லைன் எங்கே கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மீனின் அருகே போவது லைனின் நுனியில் கட்டும் கண்ணாடி போன்ற நரம்பான லீடர்தான், அதனால் பயம் வேண்டாம்.

ராட், ரீல், லைன் மூன்றும் சேர்ந்த செட் வாங்கலாமா என்று இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக. லைன் எந்த வகை என்று மட்டும் விசாரித்து வாங்குங்கள்.

கே: ரீல்?

ப: ட்ரவுட்டுக்கு அது லைன் சுற்றி வைக்கிற இடம். சீராகச் சுழன்றால் போதும். மகசீர் போல இழுத்துக்கொண்டு ஓடும் மீனைத் தேடும் நாளில் நல்ல பிரேக் உள்ள ரீலுக்குச் செலவழியுங்கள்.

கே: லீடர், டிப்பெட், 4எக்ஸ், 5எக்ஸ்… தலை சுற்றுகிறது.

ப: சுற்ற வேண்டியது ரீல் மட்டும்தான்! தடித்த லைனின் நுனியில் நேராகப் பூச்சியைக் கட்ட முடியாது. இடையில் போகப் போக மெலிகிற நைலான் நரம்பு வேண்டும். அது லீடர். அதன் மெல்லிய கடைசிப் பகுதி டிப்பெட். பூச்சி மாற்றும்போதெல்லாம் டிப்பெட் குறையும், தனிச் சுருளிலிருந்து வெட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எக்ஸ் கணக்கு தலைகீழானது. எண் கூடக் கூட நரம்பு மெலியும். 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் வருவது, அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்ற கணக்கு. 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு, அதாவது 0.15 மில்லிமீட்டர். பூச்சியின் முள் அளவைக் குறிக்கும் எண்ணை மூன்றால் வகுத்தால் பொருத்தமான எக்ஸ் கிட்டத்தட்ட வந்துவிடும்: 16-ஆம் எண் பூச்சிக்கு 5எக்ஸ். ஆரம்பத்துக்கு 9 அடி 5எக்ஸ் லீடர் இரண்டு, 4எக்ஸ், 5எக்ஸ் டிப்பெட் ஒவ்வொரு சுருள். இதற்கு மேல் வேண்டாம்.

கே: பூச்சிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எதை வாங்க?

ப: நான்கு. மேலே மிதப்பதற்கு ஆடம்ஸ். 1922-இல் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டியது. எந்தப் பூச்சி என்று உறுதியாகச் சொல்ல முடியாத சாம்பல் நிறம் அதற்கு, அதனாலேயே எல்லா ஊரிலும் எடுபடுகிறது. துள்ளி ஓடும் நீருக்கு எல்க் ஹேர் கேடிஸ், அது எளிதில் மூழ்காது. பெரிய, கலங்கிய நீருக்கு வூலி பகர்.

நான்காவதுதான் என் மனதுக்கு மிகப் பிடித்தது: ஃபெசன்ட் டெயில். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. நூலே கிடையாது. ஃபெசன்ட் பறவையின் வால் இறகும் மெல்லிய செம்புக் கம்பியும் மட்டும். கம்பியே கட்டும் வேலையையும் செய்கிறது, பூச்சியை மூழ்கடிக்கும் எடையாகவும் இருக்கிறது. ஆற்றை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குத்தான் இப்படித் தோன்றும். ட்ரவுட் தன் இரையில் பெரும்பகுதியை நீருக்கு அடியில்தான் தின்கிறது. ஆகவே பெட்டியில் இது கூடுதலாக இருக்கட்டும். வூலி பகரைத் தவிர மற்றவை 12 முதல் 16 எண்ணுக்குள் போதும்.

கே: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இந்த வீச்சுக்குக் கைப்பலம் வேண்டாமா?

ப: வேண்டாம், நேரம் தவறாத கை போதும். அமெரிக்காவின் ஜோன் வுல்ஃப் 1951-இல் தூர வீச்சுப் போட்டி ஒன்றில், எதிரே நின்ற ஆண்கள் அனைவரையும் வென்றார். பின்னாளில் 161 அடி வீசினார். பின்னால் போன லைன் முழுதும் நீளும்வரை பொறுத்திருந்து பிறகு முன்னே தள்ள வேண்டும், வித்தை அங்கேதான். அந்தப் பொறுமை சிறுமிகளுக்குச் சீக்கிரம் வருகிறது. மகளுக்குக் கொஞ்சம் குட்டையான, எடை குறைந்த ராட் வாங்கிக் கொடுங்கள்.

கே: சென்னையில் ட்ரவுட்டுக்கு எங்கே போவேன்?

ப: மைதானத்துக்கு! புல்தரையில் நின்று, முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசுங்கள். லீடர் இல்லாமல் பழகாதீர்கள், லைனின் நுனி சாட்டைபோல அடித்துச் சிதைந்துவிடும். சிமெண்ட் தரையும் தார்ச்சாலையும் லைனின் மேல்பூச்சை உரித்துவிடும். தினம் கால் மணி நேரம், 30 அடிக்குள். ட்ரவுட் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்தான் கிடைக்கிறது.

கே: வேடர் (தண்ணீரில் இறங்கி நிற்க அணியும் நீர்புகாக் கால்சட்டை), மேலங்கி, தொப்பி, கண்ணாடி – எது கட்டாயம்?

ப: கண்ணாடி. கூரிய முள் ஒன்று தலைக்குப் பக்கத்தில் பறக்கிறது, கண்ணை விலை பேச முடியாது. போலரைஸ்டு கண்ணாடியானால் நீரின் பளபளப்பைத் தாண்டி மீனும் தெரியும். தொப்பி அடுத்தது. வேடர் இல்லாமல் கரையிலிருந்தே நிறைய மீன் பிடிக்கலாம்.

கே: பிடித்த மீனை விட்டுவிடுவது என்றால், அது பிழைக்குமா?

ப: நீங்கள் மனது வைத்தால். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு செதிலை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், முள் வலிக்காமல் கழலும். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை எடுத்துவிடும். படம் எடுக்க நெடுநேரம் தூக்கிப் பிடிக்காதீர்கள். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ட்ரவுட் மூச்சுக்குத் தவிக்கும், அன்று தூண்டிலை மூட்டை கட்டுங்கள். மலிவான வெப்பமானி ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

கே: பழைய ராட் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

ப: துண்டுகளைப் பொருத்தி மெதுவாக ஆட்டிப் பாருங்கள். மூட்டில் ‘டிக்’ என்று சத்தம் வந்தால் வேண்டாம். வளையங்களுக்குள் பஞ்சை இழுங்கள், இழை சிக்கினால் அந்த வளையம் லைனை அறுக்கும், மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். நுனித்துண்டு அசல் நீளத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். எல்லாம் சரியென்றால் வாங்குங்கள். லைனை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.