பேருக்குப் பராமரிப்பாளர்

சம்பளமில்லாத வேலையை யார் கொடுத்தாலும் மறுத்துப் பழக்கமில்லை எனக்கு. செய்து பழக்கமும் இல்லை.

சுண்ணாம்புக்குளத்தில் உட்கார்ந்துகொண்டு, தமிழ்ச் சொற்களை அகராதி வரிசையில் அடுக்கும் ஒரு சின்ன பேக்கேஜைப் பராமரிக்கிறேன். யூனிகோடு எண் வரிசையை நம்பினால் னகரம் நகரத்தை ஒட்டி உட்கார்ந்துவிடும். 'வலை'க்கு முன்னால் 'வனம்' வந்து நிற்கும். அதைச் சரிசெய்வதுதான் என் நிரலின் வேலை. அதோடு நின்றிருக்கலாம். யாரோ கைவிட்ட எழுத்துரு மாற்றி, விசைப்பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டேன். பராமரிப்பாளர் என்று நம் பேர் போடுகிறார்களே!

ஆய்த எழுத்து அகரத்துக்கு முன்னால் போய் நிற்கிறது என்று ஒருவர் எழுதினார். "அருமையான கவனிப்பு, விரைவில் பார்க்கிறேன்" என்று பதில் போட்டேன். அந்தப் பதிலை மெருகேற்றிய நேரத்தில் பிழையையே திருத்தியிருக்கலாம். பொறுத்துப் பார்த்து அவரே திருத்தி அனுப்பினார். வரிகளுக்கு முன் இடைவெளி சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

கூடப் பராமரிக்க வரட்டுமா என்றும் கேட்டார். எக்ஸ்இசட் கதையைச் சொல்லித் தட்டிக் கழித்தேன். லாஸ்ஸே காலின் வருஷக்கணக்கில் தனியாளாக இழுத்துவந்த மென்பொருள் அது. அவர் சோர்ந்திருந்த நேரத்தில் ஒத்தாசைக்கு வந்த 'ஜியா டான்', நம்பிக்கையைச் சம்பாதித்துக் கள்ளக்கதவு வைத்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் அரை விநாடி தாமதிப்பதைத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் 2024 மார்ச்சில் அதைப் பிடித்தார். அந்நியரை நம்பாதே என்பதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். தனியாளாகக் கிடந்து சாகாதே என்ற பாதி வசதியாக மறந்துபோயிற்று.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்துப் பழவேற்காட்டு ஏரியில் இறாலுக்குச் சுத்து வலை கட்டுகிறவர்களிடம் 'பாடு' முறை உண்டு. இடத்துக்கு முறை வைத்திருக்கிறார்கள். முறை முடிந்ததும் அடுத்தவருக்கு விட வேண்டும். நல்ல இடத்தை ஒருவரே மடக்கிவைக்க முடியாது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்திலும், பேக்கேஜைப் பராமரிக்க முடியாதவர் உதவி கேட்கலாம், வாரிசு தேடலாம், கைவிட்டதாக அறிவித்துவிடலாம். நானோ மீன் பிடிக்காமலே வலையைக் கட்டிவைத்திருந்தேன்.

கடைசியில் ரோஷம் வந்து, பொறுப்பை ஒப்படைக்கத் தயார் என்று ஆய்தக்காரருக்கு எழுதினேன். அவர் எப்போதோ நிரலை நகலெடுத்துத் தனியாக நடத்திவருகிறாராம். போய்ப் பார்த்து, அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து ஆசையோடு எழுதி அனுப்பினேன். மறுநாளே சரிசெய்து, நன்றியும் சொல்லிவிட்டார்.

கொஞ்சம் தாமதித்திருந்தால் என்னவாம்?