கிவ் மீ கன்ட்ரோல், மா!

நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்பதைக் கேடி என்று சுருக்கியவர் யாரோ, அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். வேலையைக் குறிக்க வந்த சொல், வேலை பார்க்கிற ஆளுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

எங்கள் சோழிங்கநல்லூர் ஆபீஸ் கேடி இப்போது மணிலாவுக்குக் கற்றுக்கொடுக்கிறார். ஒரு கம்பெனியின் ஹெல்ப்டெஸ்க்கை அங்கே 6 பேர் எடுத்து நடத்த வேண்டும். இங்கே காலை 9.30 என்றால் அங்கே நண்பகல் 12. சரியாக அவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் இவருக்கு வித்தை சுரக்கும்.

முதலில் வகுப்பு. அப்புறம் ஷேடோ: இவர் கால் எடுப்பார், அவர்கள் பார்ப்பார்கள். கடைசியில் ரிவர்ஸ் ஷேடோ: அவர்கள் எடுப்பார்கள், இவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். இவர் கையை நாற்காலியோடு சேர்த்து யாராவது கட்டினால்தான் உண்டு. அந்த 6 பேரில் ஒரு பெண் டிக்கெட்டைத் திறந்து முதல் வரியைப் படிப்பதற்குள், "கிவ் மீ கன்ட்ரோல், மா!"

கொடுத்த மாத்திரத்தில் கர்சர் சாமியாடும். ஆக்டிவ் டைரக்டரி திறக்கும், ஒரு கறுப்பு விண்டோ பளிச்சென்று வந்து மறையும், மூன்று டேப் மூடும், டிக்கெட் ரிசால்வ்ட். "சிம்பிள், மா. அண்டர்ஸ்டுட்?" என்னத்தைப் புரிந்துகொள்வது? எனக்கு என் மாமா சைக்கிள் கற்றுக்கொடுத்தது ஞாபகம் வரும். சீட்டில் அவர், கேரியரில் நான்.

முதல் வாரம் ஒரு சச்சரவு. "யெஸ் போ, சார்" என்றார் அந்தப் பெண். நம்மவர் மைக்கை மியூட் செய்துவிட்டு என்னிடம் திரும்பினார். "ஏம்ப்பா, கத்துக்குடுக்கறவனைப் பாத்து போ போங்குதே?" அவர்கள் பாஷையில் 'போ' மரியாதைச் சொல், நம்ம 'ங்க' மாதிரி என்றேன். 'ஃபார் எ வைல்' என்றால் 'கொஞ்சம் இருங்க' என்பதையும் சொல்லிவைத்தேன். அரைமனதாகத் தலையாட்டினார். குழப்பம் அந்தப் பக்கமும் இருந்திருக்கிறது. இவர் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டும் 'மா' எந்த சாஃப்ட்வேர் என்று ஒருவர் சாட்டில் என்னைக் கேட்டார்.

இங்கிலீஷும் சொல்லித்தருவார். தாமஸ் என்ற கப்பலில் 1901-லேயே அமெரிக்க வாத்தியார்கள் போய் இறங்கிய நாடு அவர்களுடையது. வாய்ஸ் கால் தொழிலில் 2010 வாக்கில் நம்மை முந்திய நாடு. அவர்களுக்கு இவர் 'டூ த நீட்ஃபுல்' கற்றுக்கொடுத்தார்.

சிரித்தாலும் எரிச்சல் எரிச்சல்தான். ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடும் ஒருவருக்கு அக்கவுண்ட் அடிக்கடி லாக் ஆகும். பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தாலும் அரைமணியில் மறுபடி லாக். டிராயரில் கிடக்கும் அவருடைய பழைய போன், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஓயாமல் மெயில் கேட்டுக் கதவைத் தட்டுவதுதான் காரணம். இன்னொருவர், "தினமும் ஷட்டவுன் பண்றேனே" என்று சத்தியம் செய்வார். விண்டோஸ் 8-லிருந்து வழக்கமான ஷட்டவுன் பாதித் தூக்கம்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் கம்ப்யூட்டர் தலைக்குக் குளித்து எழும். இதெல்லாம் இவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் எங்கேயும் எழுதிவைக்க மாட்டார். எல்லாம் அவர் டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபைனல் 3' என்ற எக்செலுக்குள். பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனால் மூன்று நாளும் போன் எனக்கு வரும். கற்றுக்கொடுத்தால் நாற்காலி போய்விடும் என்று பயமிருந்தால் மேனேஜரிடம் சொல்லட்டும். ராத்திரி 2 மணிக்கு எவருடைய டிராயரிலோ கிடக்கும் போனை நான் ஏன் தேட வேண்டும்?

பயம் சும்மா வந்ததில்லை. இதே வேலையைக் கற்றுக்கொள்ள இவர் இங்கிலாந்து போனபோது, சொல்லிக்கொடுத்த பெரியவர் கடைசி வெள்ளிக்கிழமை தன் டீ கப்பை இவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாராம். கைப்பிடி போன அந்தக் கப்பில்தான் இவர் பேனாக்கள் இன்னும் நிற்கின்றன. யாரையும் தொடவிட மாட்டார்.

கடைசி வாரம் அந்தப் பெண் ஒரு குறிப்பு அனுப்பினார். இவர் கன்ட்ரோல் வாங்கியபோதெல்லாம் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அரை வேகத்தில் ஓட்டி (இவர் குரல் அதில் டாஸ்மாக் வாசலில் கேட்பது மாதிரி 'சிம்ம்ம்பிள், மாஆஆ' என்று இழுத்ததாம்), அந்தக் கறுப்பு விண்டோவை நிறுத்தி, கமாண்டை எழுத்தெழுத்தாகப் பிடித்து, பழைய போன் சங்கதி உட்பட 14 ஸ்டெப்பாக எழுதியிருந்தார். கீழே, 'சொல்லித்தந்தவர்' என்று இவர் பெயர்.

இரண்டு நிமிஷம் மௌஸ் அசையவில்லை. "பரவால்லயே" என்றார், மியூட்டில்தான். அப்புறம் மியூட்டை எடுத்தார்.

"ஒன் ஸ்பெல்லிங் மிஸ்டேக். கிவ் மீ கன்ட்ரோல், மா."

"ஃபார் எ வைல் போ, சார்."