பிரஸ்ஸல்ஸ் மேலிடத்துக்கு வலியசாலையிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: அக்ரகாரவாசி ஒருவர், வலியசாலை, திருவனந்தபுரம்.

பெறுநர்: விசா விதிகளைக் கவனிக்கும் மேலதிகாரி அவர்கள், ஐரோப்பிய ஆணையம், பிரஸ்ஸல்ஸ்.

பொருள்: தங்கள் நாட்டு உல்லாசப் பயணிகள் இங்கு வருகையில் கொண்டுவர வேண்டிய காப்பீடும் காசும் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் ஒன்றியம் 2009-இல் இயற்றிய விசா சட்டத்தின் 15-வது பிரிவைப் படித்து மெய்சிலிர்த்தேன். எங்கள் ஊர் ஆள் ஷெங்கன் எல்லைக்குள் கால் வைக்க வேண்டுமானால், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். இன்றைய விலைக்குக் கிட்டத்தட்ட 30 லட்சம் ரூபாய். அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, நோயாளியாகத் திருப்பி அனுப்பும் செலவு, அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தச் செலவு, எல்லாவற்றையும் பாலிசி தாங்க வேண்டும். விருந்தாளி எந்தெந்த வகையில் ஊர் திரும்பக்கூடும் என்று அவர் கிளம்பும் முன்பே இத்தனை கரிசனத்தோடு யோசிப்பவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் எதிர்வீட்டு மாமிக்கு 71 வயது. சர்க்கரை, பிரஷர், இடது முழங்காலில் தேய்மானம். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் பெண்ணுக்குப் பிரசவம். ஒத்தாசைக்குப் போக வேண்டும். பாலிசிக்காரர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமி உள்ளதை உள்ளபடி சொன்னாள். வந்த காகிதத்தில் ‘ஏற்கெனவே உள்ள நோய்கள் நீங்கலாக’ என்று இருந்தது. அதாவது, மாமிக்கு இருக்கிற வியாதி எதற்கும் காப்பு இல்லை. இல்லாத வியாதி அத்தனைக்கும் உண்டு. பனிச்சறுக்கில் விழுந்து காலை முறித்துக்கொண்டாலாவது கிடைக்குமா என்று நான் விசாரித்தேன். சாகச விளையாட்டு சேராதாம். மாமி ரொம்ப வருத்தப்பட்டாள்.

இதோடு பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமானவரிக் கணக்கு, பெண் எழுதிய அழைப்புக் கடிதம், திரும்பி வருவதற்கான டிக்கெட். கட்டணத்தை 2024 ஜூன் 11 முதல் 80 யூரோவிலிருந்து 90 ஆக்கினீர்கள். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து வந்த விண்ணப்பங்கள் 11 லட்சத்துக்கு மேல், மறுக்கப்பட்டவை சுமார் 1.65 லட்சம். எங்கள் கோயில் உண்டியலில்கூட, போட்டவனுக்கு ஒரு சொட்டுத் தீர்த்தமாவது கிடைக்கும்.

இனித் தங்கள் மக்களுக்கு வருவோம். சாயிப்போ மதாம்மையோ இங்கே வர, வீட்டில் உட்கார்ந்தபடியே போட்டோவையும் பாஸ்போர்ட் நகலையும் ஏற்றினால் போதும். 30 நாள் இ-விசாவுக்கு 25 டாலர். ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 டாலர்தான். 2014 நவம்பரில் இந்த வசதி தொடங்கிய ஒன்பது விமான நிலையங்களில் எங்களுடையதும் ஒன்று. கையில் போதிய பணம் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பாஸ்புக்கைக் காட்டு என்று கேட்பதில்லை. காப்பீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

அவர்கள் பையில் தாங்கள் இலவசமாகக் கொடுத்த நீல நிற ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. லிஸ்பனில் செல்லும், ஹெல்சிங்கியில் செல்லும், ஒன்றியத்தில் சேராத நார்வேயிலும் ஐஸ்லாந்திலும்கூடச் செல்லும். எங்கள் பக்கத்துக் கிள்ளிப்பாலம் தாண்டினால் செல்லாது என்பதை யாராவது அவர்களிடம் சொன்னால் நல்லது. போன துலாவர்ஷ மழையில், காந்தளூர் மகாதேவர் கோயில் பக்கம் போட்டோ எடுத்தபடியே பின்னால் நடந்த மதாம்மை ஒருத்தி, பாசிப் படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். வலியிலும் கடமை தவறாமல் அந்த அட்டையை எடுத்து நீட்டினாள். ஆட்டோக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஏடிஎம் கார்டாணோ?” என்றார். மாமி முறிவெண்ணெய் தடவிவிட்டாள். ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எடுத்து எக்ஸ்ரே பார்த்ததில் முறிவில்லை. மதாம்மையிடம் இருந்ததெல்லாம் 500 ரூபாய் நோட்டு. சீட்டுக்குச் சில்லறை கொடுத்தது மாமி. ‘ஏற்கெனவே உள்ள பிசகா?’ என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

2020 மார்ச்சில் வர்க்கலையில் தங்கியிருந்த இத்தாலியருக்குக் கொரோனா கண்டபோது, எங்கள் மெடிக்கல் காலேஜ்தான் அவரைப் பார்த்துக்கொண்டது. அதே மாதம் மூணாறு பார்த்துவிட்டுக் கொச்சியில் விமானம் ஏறிவிட்ட பிரிட்டிஷ் பயணியைக் கீழே இறக்கி, களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள்.

பிரிட்டன் தங்களை விட்டுப் பிரிந்துபோன வீடு என்பது தெரியும். ஆனாலும் அங்கிருந்து வந்த இன்னொரு விருந்தாளியைச் சொல்லாமல் விட மனமில்லை. 2025 ஜூன் 14 இரவு, எரிபொருள் குறைந்து எங்கள் விமான நிலையத்தில் இறங்கிய எஃப்-35பி போர் விமானம், ஹைட்ராலிக் கோளாறு என்று அப்படியே நின்றுவிட்டது. விசா இல்லை, ரிட்டர்ன் டிக்கெட் இல்லை, தங்குமிட முன்பதிவும் இல்லை. வைத்தியம் பார்க்கச் சீமையிலிருந்தே ஆட்கள் வந்து, ஜூலை 22-ஆம் தேதிதான் கிளம்பிற்று. விசாவை மறுக்கும்போது ‘குறித்த காலத்துக்குள் திரும்பிப் போவார் என்பதில் நியாயமான சந்தேகம்’ என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிறீர்களே, அந்தக் கட்டத்துக்கென்றே செய்த விருந்தாளி. கேரள சுற்றுலாத் துறையோ, அதை வைத்தே ஒரு விளம்பரம் போட்டுவிட்டது.

ஆகவே தங்கள் விதியையே சற்றுக் கழுவித் துடைத்து இங்கும் அமல்படுத்த உத்தேசம். வலியசாலைக்குள் வரும் ஐரோப்பியர் 30 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நிறம் நீங்கலாக; கோவளம் வெயிலில் தோல் வெந்தால் பாலிசி பொறுப்பேற்காது. காரம் பழகாத வயிறும் ஏற்கெனவே உள்ள நோயாகவே கருதப்படும். சொந்த ஊரில் வீடு, வேலை, கல்யாணம் என்று திரும்பிப் போக ஏதாவது காரணம் காட்ட வேண்டும். பதினாலு நாள் எண்ணெய் உழிச்சிலுக்கு என்று வந்து மழைக்காலம் முழுக்கத் தங்கிவிடும் ஆயுர்வேத பக்தர்களை நாங்கள் அறிவோம். நேர்காணலுக்குத் தேதி, அவர்களுடைய லீவு முடிந்த மறுவாரம் ஒதுக்கப்படும்.

காசு விஷயத்திலும் தங்கள் மக்களுக்கு நாலு வார்த்தை சொல்லியனுப்புங்கள். பழைய பயணத்தில் மிஞ்சியது என்று 2,000 ரூபாய் நோட்டைக் கொண்டுவர வேண்டாம். 2023 மே மாதமே அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தாயிற்று. 2016 நவம்பரில் 500-ம் 1,000-மும் ஒரே இரவில் செல்லாமல் போனபோது, வெளிநாட்டார் வாரத்துக்கு 5,000 ரூபாய்தான் மாற்றலாம் என்று இருந்தது. அந்தச் சமயம் இங்கே சிக்கியவர்களைக் கேட்டால் கதை சொல்வார்கள். எங்கள் சாலைக் கடைத்தெருவில் டீக்குக்கூடக் கியூஆர் அட்டைதான். வெளிநாட்டாருக்கென்றே யுபிஐ ஒன் வேர்ல்டு என்று ஒரு வசதி 2023 முதல் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் டீக்கடைக்காரர் 500-க்குச் சில்லறை தேடி நாலு கடை ஓட வேண்டியதில்லை.

இம்மனுவைப் பரிசீலிக்கும் கட்டணம் 90 யூரோ. தாங்கள்தான் செலுத்த வேண்டும். கார்டு மெஷின் யூரோவா ரூபாயா என்று கேட்டால் ரூபாய் என்றே அழுத்துங்கள். யூரோ என்று அழுத்தினால் மெஷின்காரர் வைத்ததுதான் மாற்று விலை, நஷ்டம் தங்களுக்கு. மனு ஏற்கப்பட்டாலும் ஏற்கப்படாவிட்டாலும் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வலியசாலை அக்ரகாரவாசி