பக்கத்து ஃபிளாட்டுக்குக் கொரியர் வந்தால்: ஒரு செயல்முறை விளக்கம்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் சான்ட்ரோ உருண்டு வந்த நாள்தொட்டு, ஹூண்டாயையும் அதற்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளையும் நம்பிக் கொரியக் குடும்பங்கள் சென்னைக்கு வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் மாடியிலும் ஒருநாள் லிஃப்ட் திறந்து, பெட்டிகளோடு ஒரு குடும்பம் இறங்கலாம். பதறாதீர்கள். வெளிநாட்டுப் பண்பாடு வீடு தேடி வந்திருக்கிறது. அதைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் ஆர்வத்தோடு பழகுவது எப்படி என்று சொல்லித் தருகிறேன்.

ஆர்வம் என்றால் கேள்வி கேட்க வேண்டும். கேளுங்கள். "நம்ம ஊர் பிடிச்சிருக்கா? இட்லி சாப்பிட்டீங்களா? சாம்பார் காரமா? வெயில் எப்படி?" எல்லாமே நம்மைப் பற்றிய கேள்விகள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். சூட்சுமமே அதுதான். பதிலுக்கு ஒரு புன்னகை வரும். அதைப் பாராட்டாகக் கணக்கில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். "உங்க ஊர் எது?" என்று மட்டும் வாய்தவறிக் கேட்காதீர்கள். பூசான் என்பார்கள். துறைமுகம், மீன் சந்தை என்று பேச்சு வளரும். காசிமேட்டுக்கு அப்பாலும் மீன் விற்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

அடுத்தது ஆராய்ச்சி. கொரியாவைப் பற்றித் தாராளமாகப் படியுங்கள். ஆனால் படித்து முடிப்பதற்குள் கொரியா நம்முடையதாகிவிட வேண்டும். அவர்களும் அம்மா, அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், போதாதா? போதவில்லை என்றால் 13-ஆம் நூற்றாண்டு நூலான 'சாம்குக் யுசா' இருக்கிறது. 'ஆயுத' என்ற நாட்டிலிருந்து கப்பலேறிப் போய் சுரோ மன்னனை மணந்த இளவரசியின் கதை அதில் வருகிறது. அந்த நாடு எங்கே இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அவர்கள் கிடக்கட்டும். அயோத்தியில் 2001-லேயே அவளுக்கு நினைவுச்சின்னம் வைத்தாயிற்று. நம்மவர்கள் அவளைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிவந்து செம்பவளம் என்று பெயரும் சூட்டிவிட்டார்கள்.

ஆராய்ச்சியின் நடுவே வேண்டாத செய்திகளும் வந்து விழும். செஜோங் மன்னர் 1446-இல் வெளியிட்ட கொரிய எழுத்தில், அடிப்படை மெய்யெழுத்துகளின் வடிவம் அந்த ஒலி பிறக்கும்போது நாக்கும் உதடும் தொண்டையும் இருக்கும் நிலையைப் பார்த்து அமைத்தது என்பது அப்படி ஒன்று. உடனே பக்கத்தை மூடிவிடுங்கள். தொல்காப்பியத்தில் பிறப்பியல் படித்தவர் என்றால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

சாப்பாட்டு விஷயம் சுலபம். லிஃப்டில் கிம்ச்சி வாடை வந்தால் மூக்கைப் பொத்துங்கள். நம் வீட்டுக் கருவாடு வேறு, அது மணம். குளிர்காலத்துக்கு முன் சொந்தமும் அக்கம்பக்கமும் கூடி, முட்டைக்கோஸுக்கு உப்பும் மிளகாயும் தடவி மொத்தமாகப் போட்டு வைக்கும் அவர்கள் வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாவடு போடும் பாட்டியைக் கண்டுகொள்ளாத யுனெஸ்கோவோடு நமக்கென்ன பேச்சு?

நிஜமான ஆபத்து பிறந்தநாளில் இருக்கிறது. பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று கூப்பிடுவார்கள், போவீர்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அதனிடம் கேட்டுவைக்காதீர்கள். கடற்பாசி சூப் என்று சொல்லும். "பிறந்தநாளும் அதுவுமா ஏன்?" என்று நீங்கள் இரக்கப்பட்டால், பிள்ளை பெற்றவளுக்கு அங்கே கொடுக்கும் பத்தியம் அது என்றும், பிறந்தநாள்தோறும் அதையே குடிப்பது பெற்றவளை நினைத்து என்றும் அதன் அம்மா விளக்குவாள். நாம் பத்தியச் சோற்றைப் பிரசவத்தோடு மறந்துவிடுகிறோமே என்று தோன்றும். திடமான ஆட்களே இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். பூண்டுக்குழம்பு, பிரசவ லேகியம், பால்சுறா என்று சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, கேக் வெட்டி முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை பாக்கி. நீங்கள் எதையும் கேட்காவிட்டாலும் அவர்கள் கேட்பார்கள். கோலத்தில் புள்ளி எதற்கு என்றால் "சும்மா, அழகுக்கு" என்று சமாளிக்கலாம். புதுக் காரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதை விளக்கவே வேண்டாம். கார் செய்கிறவர்கள், பார்த்துப் பழகியிருப்பார்கள். வாசலில் மீசை வைத்துத் தொங்கும் பூசணிக்காய்தான் சிக்கல். "கண்திருஷ்டிக்கு" என்பீர்கள். "யாருடைய கண்?" என்று திருப்பிக் கேட்பார்கள். காய் கட்டியது அவர்கள் குடிவந்த வாரம். இதற்கு என்னிடம் வழி இல்லை. அசோசியேஷன் செயலாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.