மகிழடிக்கு வாருங்கள், அறங்காவலர்களே!

வடசென்னைக்கு என்ன குறை என்பதை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளிடம் தலைமைப் பண்பு போதாதாம். அதிலும் அறம் சார்ந்த தலைமைப் பண்பு போதவே போதாதாம். அதை ஊட்டி வளர்ப்பதற்கென்றே அறக்கட்டளைகள் பிறந்திருக்கின்றன. நட்சத்திர ஓட்டலில் ஒரு கூடம், மேடையில் குத்துவிளக்கு, பின்திரையில் ஒரு திருக்குறள், ஆளுக்கொரு ஃபைல், ஃபைலுக்குள் ஒரு பேனா, பதினொரு மணிக்கு பிஸ்கட்டோடு டீ. சாயங்காலத்துக்குள் எர்ணாவூர்ப் பையன் அறத் தலைவனாகிவிடுவான். சான்றிதழைச் சுருட்டிப் பிடித்தபடி பஸ் ஏறி, ஊர் வந்து இறங்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வான். மூக்கைப் பொத்துவது பாடத்திட்டத்தில் கிடையாது. அது அவன் தாய்ப்பாலோடு கற்றது.

இந்தத் தருமத்துக்குச் சட்டமும் உண்டு. கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. அந்த 2 சதவீதத்துக்குக் குழு உண்டு, அறிக்கை உண்டு, புகைப்படம் உண்டு. மிச்சமுள்ள 98 எந்த ஆற்றின் வழியாக வந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. 2 சதவீதத்துக்குள்ளும் ‘கல்வி’ என்றொரு விசாலமான வாசல் இருக்கிறது. அதன் வழியே பள்ளிக்கூடத்துக்கு ஆய்வகமும் நுழையலாம், தலைமைப் பயிலரங்கமும் நுழையலாம். ஆய்வகம் கட்டிக்கொடுத்தால் ஏதாவது ஒரு பிள்ளை கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து சோதித்துத் தொலைக்கும். பயிலரங்கத்தில் அந்த ஆபத்து இல்லை.

அறத்துக்குப் பரிசு வாங்குவதில் இந்தியாவின் தலைமகன் ஒரு ஹைதராபாத்காரர். சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு குடும்பத்தார் கிராம முன்னேற்றத்துக்காக பைர்ராஜு அறக்கட்டளை நடத்தினார்கள். 108 ஆம்புலன்ஸைத் தொடங்கிய அமைப்பும் ராஜு தோற்றுவித்ததுதான். தமிழ்நாட்டில் அது ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். அதே மாதம் சத்யத்துக்குச் சிறந்த நிறுவன நிர்வாகத்துக்கான ‘கோல்டன் பீகாக்’ உலக விருது கிடைத்தது. 2009 ஜனவரி 7 அன்று ராஜு தாமே ஒப்புக்கொண்டார்: கணக்கில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் பொய். கொடுத்தவர்கள் விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 108 இன்றைக்கும் உயிர் காக்கிறது, அது புண்ணியம்தான். ஆனால் ஆம்புலன்ஸைக் காட்டிக் கணக்கைக் கழிக்க முடியுமா? அமெரிக்காவின் என்ரான் இன்னும் ஒருபடி மேலே போனது. 2000ஆம் ஆண்டு 64 பக்கத்தில் ஒழுக்க விதிப் புத்தகம் அச்சிட்டு ஊழியர்களுக்குக் கொடுத்தது. 2001 டிசம்பரில் திவாலானது. புத்தகம் படித்தவர்கள் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். கணக்கை வளைத்தவர்கள் மேல்தளத்தில் இருந்தார்கள்.

ஆகவே அறங்காவலர் பெருமக்களுக்கு வடசென்னை சார்பில் ஒரு விண்ணப்பம். எங்கள் பிள்ளைகளை ஓட்டலுக்குக் கூட்டிப்போக வேண்டாம். வகுப்பை இங்கே கொண்டுவாருங்கள். ஆய்வுக்கூடங்கள் தயாராக இருக்கின்றன. கட்டடச் செலவு மிச்சம். மாணவர்களைத் தேடியும் அலைய வேண்டாம். உங்களுக்கு நன்கொடை எழுதுகிறவர்களையே சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் பாடம், உண்மை பேசுதல். இடம்: காமராஜர் துறைமுகம். எண்ணூர்த் துறைமுகத்துக்கு 2014இல் அந்தப் பெயரை வைத்தார்கள். தனக்கென்று சொத்துச் சேர்க்காமல் மறைந்த முதலமைச்சரின் பெயர். அறத் தலைமைக்கு இதைவிட நல்ல பெயர்ப்பலகை நாட்டில் கிடையாது. 2017 ஜனவரி 28 விடியற்காலை அதற்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. கடல் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை. எர்ணாவூர்க் கரையில் எண்ணெய் கறுப்புக் கறுப்பாகக் கட்டிக்கொண்டது. ஆமைகள் செத்து ஒதுங்கின. வல்லரசாகப் போகிற நாடு அந்தக் கசடைப் பக்கெட்டில் அள்ளியது; மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வரிசையில் நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். இந்தப் பாடத்துக்கு வீட்டுப்பாடமும் உண்டு: எண்ணெயில் முக்கிய கையால், வெள்ளைத் தாளில், அழுக்குப் படாமல், ‘பாதிப்பில்லை’ என்று எழுதிக் காட்டுக.

இரண்டாம் பாடம், பொறுப்பேற்றல். இடம்: பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, எண்ணூர்க் கழிமுகம். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலியில் இருக்கும் பொதுத்துறை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையான சி.பி.சி.எல். வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் புறப்பட்டது. எங்கள் குழாயில் கசிவில்லை, மழைதான் வரலாறு காணாதது என்று விளக்கம் வந்தது. மழை வரலாறு காணாததுதான். எண்ணெயையும் மழையா பெய்தது? 2017இல் பக்கெட் பிடித்த அதே சனம் மறுபடி பக்கெட் பிடித்தது. காட்டுக்குப்பத்து மீனவர்கள் படகில் டிரம்மை ஏற்றிக்கொண்டு, மக்கால் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். கூழைக்கடாக்கள் இறக்கையில் எண்ணெய் பூசிக்கொண்டு பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன. அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். வலை நாசமானதற்கு, இறாலும் நண்டும் போனதற்கு, எண்ணூர் மீன் என்றாலே கூடைக்காரியிடம் வாங்காமல் நகர்ந்தார்களே அதற்கு, எல்லாம் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 12,500. அறத் தலைமைப் பயிலரங்கில் ஆளுக்கு ஆகும் அறை வாடகையையும் சாப்பாட்டையும் பக்கத்தில் வைத்து அறங்காவலர்கள் கூட்டிப் பார்க்கட்டும்.

மூன்றாம் பாடம், நெருக்கடி நேரத் தலைமை. எண்ணெய்ப் பிசுக்கு நகக்கண்ணை விட்டுப் போவதற்குள், அதே டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பம் கடலுக்கடியில் குழாய் கசிந்தது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுபோகும் குழாய். கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் இருட்டில் ஓடியது. 50 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். நிறுவனத்தின் விளக்கத்தில் அது அப்பகுதியில் சிலருக்கு ஏற்பட்ட அசௌகரியம். கல்யாண வீட்டில் உட்கார நாற்காலி கிடைக்காவிட்டால் அது அசௌகரியம். நள்ளிரவில் பெற்ற பிள்ளையின் வாயில் நுரை பார்த்துவிடுவோமோ என்று ஓடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது, அச்சில் போட முடியாது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்பதுதான் ஊராரின் முறையீடு. அப்படியானால் அன்றிரவு தலைமை தாங்கியது யார்? பக்கத்து வீட்டுக் கதவை இடித்து எழுப்பியவர்கள், நடக்க முடியாத கிழவிகளை ஆட்டோவில் அள்ளிப் போட்டவர்கள். அவர்களில் யாரும் குத்துவிளக்குக்கு முன்னால் நின்று சான்றிதழ் வாங்கியதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்குப் போட்டுச் சொன்ன சுற்றுச்சூழல் இழப்பீடு 5.92 கோடி ரூபாய். ஆலையை மூடு என்று 33 மீனவ கிராமங்கள் போராடின. 2024இல் ஆலை திறந்துகொண்டது.

எங்களுக்கா தலைமைக்குப் பஞ்சம்? மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர்தான் 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தை இந்தச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். 1918இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது, பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். ஆலை முதலாளிகள் அவர்களுக்குச் சான்றிதழ் தரவில்லை. நீதிமன்றத் தடையாணை வாங்கிவந்து தந்தார்கள். அந்த வழக்கு மூட்டிய சூட்டில்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டமே வந்தது. வழக்கம் இன்றைக்கும் அதுதான். ஓட்டல் கூடத்தில் கைதூக்கிக் கேள்வி கேட்கும் பையன் இளம் தலைவர். அதே பையன் அதே கேள்வியை ஆலை வாசலில் கேட்டால் அவன் பெயர் வேறொரு பதிவேட்டில் ஏறும்.

அறத் தலைமை என்றால் உறுதிமொழி இல்லாமலா? பொதுத்துறை நிறுவனங்களில் ஆண்டுதோறும் ஊழல் கண்காணிப்பு விழிப்புணர்வு வாரத்தில் அதிகாரிகள் வரிசையாக நின்று நேர்மை உறுதிமொழி எடுக்கிறார்கள். கணினியில் ஒரு சொடுக்குச் சொடுக்கினாலும் போதும், சான்றிதழ் வந்துவிடும். ஆனால் சத்தியத்தைப் பற்றித் திருவொற்றியூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சங்கிலியாரை மணக்க வந்த சுந்தரர், உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. மனசோ திருவாரூரில். சிவனிடம் தனியாகப் போய், நான் சன்னிதியில் சத்தியம் செய்யும் நேரம் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று கேட்டுக்கொண்டார். இன்றைய சட்ட ஆலோசகர்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லும் யோசனை இதுதான். சிவன் சரி என்றார். சொல்லிவிட்டு, சங்கிலியின் கனவில் போய் விஷயத்தை உடைத்துவிட்டார். சன்னிதி வேண்டாம், மகிழடியில் செய்யும் என்றார்கள் தோழியர். செய்தார். மீறினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. தம்பிரான் தோழரான சுந்தரருக்கே சலுகை கிடையாது. இன்றைக்கும் திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலில் மகிழடி சேவை நடக்கிறது.

அறங்காவலர்களே, நீங்கள் நடத்துவதும் கடவுள் வெளியே போயிருக்கும் சன்னிதியில் சத்தியம்தான். ஓட்டல் கூடத்தில் சாட்சி இல்லை. சாட்சிகள் தாழங்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் இருமிக்கொண்டிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து செத்துப்போன 9 வடமாநிலத் தொழிலாளர்களும் சாட்சிகள். ஆளை அந்த உயரத்துக்கு ஏற்றும் முன் இது நிற்குமா என்று பார்க்க வேண்டியவர் யார்? உங்கள் பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கம்?

சேர்க்கை விதிகளைச் சொல்லிவிடுகிறேன். வயது வரம்பில்லை, பதவி வரம்பு உண்டு. இயக்குநர் குழுவுக்குக் கீழே இருப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். விடுதி பெரியகுப்பத்தில், குழாய்க்குப் பக்கத்தில்; பேரன் பேத்திகளோடு தங்க வேண்டும். சாப்பாட்டுக்குக் கொசஸ்தலை ஆற்று மீன். தேர்வில் ஒரே கேள்வி: இரவு பதினொன்றரைக்குக் குழாய் கசிந்தால் முதல் போன் யாருக்கு? பங்குச் சந்தைக்கு என்று எழுதினால் தோல்வி. வக்கீலுக்கு என்று எழுதினாலும் தோல்வி. குப்பத்து நாட்டாருக்கு என்று எழுதுகிறவரை மட்டும் மகிழடிக்கு அழைத்துப்போவோம். ஊர் பார்க்க அங்கே சொல்லட்டும்: இந்தக் குழாயை மாற்றும்வரை, இந்த ஆற்றைத் தேற்றும்வரை ஒரு குத்துவிளக்கும் ஏற்ற மாட்டேன், ஒரு சான்றிதழிலும் கையெழுத்துப் போட மாட்டேன். சட்டப்படி செய்தாக வேண்டியதைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் எழுதக் கூடாது என்று அந்த 135ஆவது பிரிவின் விதிகளே சொல்கின்றன. ஆகவே இதற்குப் புகைப்படக்காரரை அழைத்து வர வேண்டாம். எங்கள் மூச்சையும் மீனையும் எடுத்துக்கொண்டதற்குத் தர வேண்டிய பாக்கி இது. பாக்கி கட்ட வருகிறவருக்கு எங்கள் ஊரில் மாலை போடும் வழக்கமில்லை. ரசீது தருவோம்.