கேரியரைப் பிடித்து ஓடியவள்

கல்லூரியில் சேர்வது வேறு, கல்லூரிக்காரியாக ஆவது வேறு. 1991-இல் புதுக்கோட்டையில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தபோது எனக்கு முதலாவது மட்டும்தான் கிடைத்திருந்தது. காலையில் டவுன் பஸ், மத்தியானம் தூக்குச்சட்டியில் புளிச்சோறு, கடைசி மணி அடித்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டம். டவுன் பிள்ளைகள் முன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், எங்களைப் போலக் கிராமத்திலிருந்து வந்தவர்கள் பின்னால். யாரும் எங்களை விரட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஊரில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். கல்லூரிக்குள் அந்தப் பெருமையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் பெயர் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். என்.எஸ்.எஸ்.ஸுக்குக் கொடுத்தேன். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்ட திட்டம் அது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரச் சேவை, அதோடு ஒரு கேம்ப். சட்டையில் குத்திக்கொள்ள, கோனார்க் சூரியன் கோயில் சக்கரம் பதித்த பேட்ஜ் ஒன்று உண்டு. மரத்தடியைச் சுத்தம் செய்வதும் ரத்ததான முகாமில் பெஞ்சு தூக்கிப் போடுவதும்தான் வேலை என்று நினைத்திருந்தோம்.

அந்த ஆண்டில்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். அரசு அலுவலர்கள், ஆசிரியர்கள், அறிவியல் இயக்கத்துக்காரர்கள், கல்குவாரிப் பெண்கள், பாட்டுக்காரர்கள் என்று மாவட்டமே அதில் இறங்கியது. எங்கள் யூனிட் கூட்டத்தில் புரோகிராம் ஆபீசர் மேடம் ஒவ்வொருத்தியையும் எழுப்பிக் கேட்டார்: "உங்க ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாதவங்க யார் யாரு? ராத்திரி எத்தனை மணிக்கு அவங்களுக்கு வேலை முடியும்? எந்த இடத்துல உக்காரலாம்?"

டவுன் பிள்ளைகளால் சொல்ல முடியவில்லை. நான் எழுந்து சொன்னேன். கீழத்தெருவில் இன்னார், இன்னார். களையெடுப்பு நாளில் ஏழு மணிக்கு மேல்தான் சோறாக்குவார்கள், எட்டரைக்கு முன்னால் யாரையும் கூப்பிட முடியாது. மாரியம்மன் கோயில் திண்ணைக்கு எல்லாச் சாதிக்காரரும் வர மாட்டார்கள், பள்ளிக்கூட வராண்டாவென்றால் வருவார்கள். சொல்லச் சொல்ல மேடம் எழுதிக்கொண்டே போனார். கால்குலஸ் வகுப்பில் எதற்கும் உதவாதது என்று நான் நினைத்திருந்த என் ஊரின் விவரம் முழுவதும் அந்த நோட்டில் ஏறியது. எழுதி முடித்துவிட்டு, "அப்ப உங்க ஊரு மையம் உன்னோடது" என்றார்.

பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்பது கணக்கு. எனக்கு வந்தவர்கள் எல்லோரும் உறவு முறைதான்: இரண்டு சித்திகள், ஒரு அப்பத்தா, பெரியம்மா வீட்டு மருமகள், குவாரிக்குப் போகிற அக்காமார்கள். முதல் வாரம் என்னைத்தான் சோதித்தார்கள். சிலேட்டுக் குச்சியைப் பிடித்தால் கடப்பாரை பிடித்த விரல் வளையாது. அழுத்திய அழுத்தில் குச்சி உடைந்துவிடும். சிறிய குச்சியைத் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தது அந்த மருமகள். அதை நான் மாதக் கூட்டத்தில் சொன்னபோது மற்ற ஊர்த் தொண்டர்களும் குறித்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் பஸ் தவறி, ஊர் சேரப் பத்து மணியாகிவிட்டது. மறுநாள் அப்பத்தா கேட்டது இன்றும் காதில் இருக்கிறது: "ஏ ஆத்தா, நேத்து ஏன் வரல? அரிக்கேனைக் கொளுத்தி வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருந்தோம் தெரியுமா?" எனக்காக யாரோ விளக்கைக் கொளுத்திக் காத்திருக்கிறார்கள் என்பது பதினெட்டு வயதுப் பெண்ணுக்குச் சின்ன விஷயமில்லை. அதற்குப் பிறகு பஸ்ஸை நம்பிப் பயனில்லை என்றானது. சைக்கிள் வேண்டும்.

புதுக்கோட்டை அறிவொளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சைக்கிளைப் பற்றிப் பேசுவார்கள். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் போனது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் பின்னாளில் வந்து பார்த்து எழுதினார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, ஆனால் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. ஆண்கள் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடமோ காய்கறி மூட்டையோ கட்டலாம் என்று பெண்கள் அதையே கேட்டு வாங்கினார்கள்.

எங்கள் கல்லூரி மைதானத்திலும் சாயங்காலம் பயிற்சி நடந்தது. மேல ராஜ வீதிக் கடையிலிருந்து மணிக்கணக்கில் வாடகை சைக்கிள். சின்ன வயதில் அண்ணன் சைக்கிளில் ஒளிந்து ஒளிந்து குரங்குப் பெடல் போட்டிருக்கிறேன், ஆனால் சீட்டில் ஏறி உட்கார்ந்ததில்லை. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, ஆறு மாதமாக ஒரே வகுப்பில் இருந்தும் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க, "கீழ பாக்காதடி, நேராப் பாரு, நேராப் பாரு" என்று கத்தினாள். அந்த "டி"யில்தான் எனக்குக் கல்லூரி தொடங்கியது. அடுத்த விடுமுறையில் அவள் எங்கள் ஊர் மையத்துக்கு வந்து அப்பத்தாவுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுத்தாள். இறுதியாண்டில் என்னை மன்றச் செயலாளர் தேர்தலில் நிற்கச் சொல்லி, வகுப்பு வகுப்பாகப் போய் ஓட்டுக் கேட்டதும் அவள்தான். 1992-இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது, அந்தக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போய் இறங்கினோம்.

இன்று நான் வேறொரு மாவட்டத்தில் பேராசிரியர், யூனிட்டின் புரோகிராம் ஆபீசரும் நானே. என் மாணவிகளுக்குப் பஸ் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் ஏறுகிறது. இவற்றைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை. எத்தனை பெண்களின் படிப்பு இவற்றால் நின்றுபோகாமல் இருக்கிறது என்பதை வகுப்பில் நின்று பார்க்கிறவள் நான்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். அன்று எங்களுக்கு வேலை கொடுத்தார்கள், இன்று நாங்கள் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி கொடுக்கிறோம். காலையில் ஃப்ளெக்ஸ் வரும். மஞ்சப்பை விழிப்புணர்வு, போதை ஒழிப்பு, வாக்காளர் நாள் என்று ஏதோ ஒன்று. நூறு பேர் வரிசையில் நிற்பார்கள், வாசல் வரை பேரணி. இடமும் நேரமும் பதிவாகிற ஜியோடேக் போட்டோ எடுத்தாக வேண்டும், கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும்போது கோப்பில் அது இருக்க வேண்டும். போட்டோ எடுத்ததும் கலைந்துவிடுவார்கள். பக்கத்தில் நின்றவள் எந்த டிபார்ட்மெண்ட் என்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். செமஸ்டர், இன்டெர்னல், அசைன்மெண்ட், ஷிஃப்ட் முடிந்ததும் துணிக்கடையில் பில் போடுகிற வேலை என்று அவர்களுடைய நாள் நிறைந்திருக்கிறது. அந்த நெருக்கடியிலும் ஒருத்தி வந்து நிற்கிறாள் என்றால், அவள் கையில் பதாகையை மட்டும் கொடுத்து அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது என் மாணவிகளுக்குத் தெரிந்த அக்காமார் சிலர் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது கல்லூரிக்கு வந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் சொல்லத் தெரிகிறது: எந்தத் தெருவில் யார், எத்தனை மணிக்கு, எங்கே உட்காரலாம்.

அதனால் எங்கள் யூனிட்டில் ஒரு மாற்றம் செய்தோம். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் ஆளுக்கு இரண்டு மூன்று பெரியவர்கள், அவரவர் தெருவிலேயே. வாரா வாரம் கூடிப் பேசுகிறோம். பேச்சு பெரும்பாலும் புகார்தான்: தாத்தா கண்ணாடி போட மாட்டேன் என்கிறார், நூறு நாள் வேலை நடக்கிற வாரத்தில் யாரும் வருவதில்லை. ஒருத்தியின் புகாருக்கு இன்னொருத்தி வழி சொல்கிறாள். வேதியியல்காரியும் தமிழ்க்காரியும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் வருகிறார்கள்.

வருகைப் பதிவுக்குக்கூட வாயைத் திறக்காமல் கையை மட்டும் உயர்த்துகிற மாணவி ஒருத்தி இருந்தாள். போன பருவத்தில் ஒரு நாள் டிபார்ட்மெண்ட் அறைக் கதவைத் தட்டிவிட்டு நேரே துறைத்தலைவரிடம் போனாள். "சார், திங்கக்கிழமை இன்டெர்னல் வச்சிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை எங்க பெரியம்மாங்க மூணு பேருக்கு எழுத்தறிவுப் பரீட்சை. நான் கூட இருந்தே ஆகணும். எங்க வகுப்புல இன்னும் ஒன்பது பேருக்கு இதே நிலைமைதான், பேர் எழுதிக் கொண்டாந்திருக்கேன்" என்று தாளை நீட்டினாள். அவர் பட்டியலை ஒரு முறை படித்துவிட்டு டைம்டேபிளை எடுத்தார். இன்டெர்னல் புதன்கிழமைக்குத் தள்ளிப்போனது.